பாப்பு சாப்பிட உட்கார்ந்த வீடு

கோமளாவின் புத்தகம் வெளிவந்த இரண்டாவது மாதம், அவளுக்குள் குடியிருந்த மூன்று பேரில் முதல் ஆளாக வரதன் வெளியேறினான். முகப்பேர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில், காலை வேளையில், கைலியும் கோடு போட்ட சட்டையுமாக ஓர் ஆள் மாடிப்படி இறங்கிப் போவதை எதிர்வீட்டு ராதிகா பார்த்தாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் என்று நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். அவன் நேராக ஆவடிக்குப் பஸ் ஏறினான்; சில்லறை விஷயமாக நடத்துனரோடு வாய்த்தகராறு செய்தான். வீட்டில் கோமளா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி விரலில் பட்டது. வலித்தது, ஆனால் எப்போதும் வரும் கோபம் வரவில்லை. அதை வைத்துத்தான் அவன் போய்விட்டதை அவள் தெரிந்துகொண்டாள்.

அயப்பாக்கத்தில் நெல் விளைந்த காலத்தில் அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம் கோமளாவுடையது. அவளுக்கு ஏழு வயதானபோது சித்தப்பா அவளைப் பம்புசெட் அறைக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். வெளியே யாரோ தாழ்ப்பாள் போடுவார்கள். உள்ளே நடந்ததை ஒரு பிள்ளையால் தனியாகத் தாங்க முடியவில்லை. அவள் நான்கு பேராகிப் பங்கு போட்டுக்கொண்டாள். ஏழு வயதிலேயே நின்றுவிட்ட பாப்பு எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். வரதன் கோபத்தை எடுத்துக்கொண்டான். கண்ணாடி போட்ட மேடம், படிப்பு, வேலை, வீட்டு நிர்வாகம், உறவினரிடம் சிரித்துப் பேசுவது அத்தனையும் பார்த்துக்கொண்டாள். மிச்சமிருந்தது கோமளாவுக்கு. மருத்துவமனையில் இதற்கு ஒரு பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். எழுதினால் நல்லது என்றும் சொன்னார்கள். பாடியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளனாக இருந்த அவள் கணவன் தசரதன், கல்யாணமான சில வருஷங்களிலேயே நால்வரையும் அடையாளம் கண்டு, அவரவருக்குப் பிடித்த மாதிரி காபி போடப் பழகியிருந்தான்.

"ஒரு கதவுக்குள் நால்வர்" என்ற அந்தப் புத்தகத்தை ஒரு சின்னப் பதிப்பகம் போட்டது. யாரும் எதிர்பார்க்காத அளவு விற்றது. படித்தவர்கள் ஆளுக்கொரு புத்தகத்தைப் படித்ததுபோலப் பேசினார்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஒற்றுப்பிழைகளை மட்டும் குறித்து அனுப்பினார். அம்பத்தூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஒருவர், இதெல்லாம் அனுதாபத்துக்காக எழுதிய பொய் என்றார். அவருக்குப் பின்வரிசையிலிருந்த இன்னொருவர் எழுந்து, என் தங்கச்சி இப்படித்தான் இருந்தாள், பேய் பிடித்திருக்கிறதென்று நாங்களே அடித்துக் கொன்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டு, மறுபடி உட்காராமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சொந்தக்காரர்கள் கோமளாவுக்கு மந்திரிக்கச் சொன்னார்கள். தசரதன் இரண்டு முறை படித்துவிட்டு, "இதுல நான் யாரைக் கட்டிக்கினேன், கோமு?" என்று கேட்டான்.

ஆவடிக் கல்லூரிப் பையன்களுக்கு வரதனைப் பிடித்துப்போயிற்று. அவன் திட்டும் வரிகளைப் போனில் போட்டுச் சுற்றவிட்டார்கள். "வரதண்ணாத்தே நம்ம கூட இருந்தா எப்டி இருக்கும் மச்சான்" என்று ஒருவன் எழுத, நூற்றுக்கணக்கானவர்கள் ஆமாம் என்றார்கள். அதனால்தான் அவன் போனான். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் அவர்களோடு கேரம் ஆடிக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அடுத்து மேடம். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருந்த ஐடி வேலைப் பெண்களுக்கு அவள்மேல் பெரிய மரியாதை. லாவண்யா என்பவள், எங்கள் மகளிர் தின விழாவில் மேடம்தான் பேச வேண்டும், கோமளா வராவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டாள். மேடம் கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு போனவள், போனவள்தான். இப்போதும் பூந்தமல்லி வரைக்கும் பல குடியிருப்புகளில் பேசுகிறாள். நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

பாப்பு வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை. பம்புசெட் அத்தியாயத்தை மட்டும் தாண்டிவிட்டோம், படிக்க முடியவில்லை என்று நல்லவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

மேடம் போன பிறகு கோமளாவுக்குப் பால் பொங்கினால் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது மறந்துபோனது. அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, வர வேண்டாம் என்றார்கள். பகல் முழுக்கக் குளியலறைத் தரையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பாள். உள்ளே பாப்பு அழுதுகொண்டே இருப்பாள். தசரதன் விடிவதற்கு முன் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவான். திரும்பி வந்தால் சாப்பாடு வைத்தது வைத்தபடி இருக்கும். அவளைத் தூக்கி நிறுத்தித் தலை துவட்டுவான். "யாராவது ஒருத்தர் திரும்பி வரச் சொல்லு கோமு. வரதனா இருந்தாக்கூடப் பரவால்ல, என்னை அடிச்சாக்கூடப் பரவால்ல" என்பான். அவள் வாயைத் திறப்பாள். குழந்தை அழுகைதான் வரும்.

இந்த நிலைமையில்தான் அண்ணன் உத்தமன் வந்தார். கோமளாவைவிடப் பத்து வயது மூத்தவர். நிலத்தையெல்லாம் மனை போட்டு விற்று, அந்தப் பணத்தில் செத்துப்போன சித்தப்பா பெயரில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தாண்டிப்போன அத்தியாயத்தை அவர் ஒருவர்தான் திரும்பத் திரும்பப் படித்தார். கடைகளில் இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி மூட்டை கட்டி, பழைய பேப்பருக்குப் போட்டார். போட்ட பிறகும் தூக்கம் வராமல் தங்கையைத் தேடி வந்தார்.

"இன்னாமா இது? செத்துப்போன மனுசனைப் பத்தி இப்டியா எழுதுவ? காவ்யாவுக்கு வரன் பாத்துகினு கீறோம். இதைப் படிச்சுட்டு எவன் வருவான் நம்ம ஊட்டுக்கு?"

"தாழ்ப்பா போட்டது நீதானேண்ணா" என்றாள் கோமளா.

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தாள். கத்துவதற்கு வரதன் இல்லை. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று சொல்வதுபோல வார்த்தைகள் வெளியே வந்தன. உத்தமன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"அப்டி ஒண்ணும் நடக்கல. கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு, நான் போன்ல எடுத்துக்கிறேன். அப்புறம் உன் பக்கமே வரமாட்டேன்."

தினமும் வந்தார். தசரதன் வேலைக்குப் போனதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். மகள் காவ்யாவுக்குப் போன் போட்டுக் கொடுப்பார். அந்தப் பெண் விஷயம் தெரியாமல், "அத்தை, அப்பா சாப்பிடவே மாட்டேங்கறாரு, ப்ளீஸ் அத்தை" என்று அழுவாள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில் கோமளா, பாப்பு என்று யாரும் கிடையாது, எல்லாம் நானாகக் கற்பனை செய்து எழுதியது என்று போனைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று போட்டுக் கேட்டுவிட்டு, உத்தமன் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு வீடு அமைதியாக இருந்தது. உள்ளே மூக்குறிஞ்சும் சத்தம் நின்றிருந்தது. குளியலறையிலிருந்து வாசல்வரைக்கும் சின்னச் சின்ன ஈரக் கால்தடங்கள் இருந்தன. படியில் மழைத் தண்ணீர். அதற்கு மேல் தடம் தெரியவில்லை.

ஞாபகம் முழுக்கப் பாப்புவிடம்தான் இருந்தது என்பது அதன் பிறகே தெரிந்தது. அம்மாவின் முகம், பள்ளிக்கூடத்தின் பெயர், கல்யாண நாள் எதுவும் கோமளாவுக்கு இல்லை. யாராவது பெயர் கேட்டால் தசரதனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பாப்புவைத் தேடினான். அயப்பாக்கத்தில் பம்புசெட் இருந்த இடத்தில் நின்ற அடுக்குமாடியின் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்கினான். காவல் நிலையத்தில் கோமளாவின் இரண்டாம் வகுப்புப் படத்தைக் காட்டினான். எழுத்தர் பிறந்த வருஷத்தைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். ஆவடி டீக்கடைக்குப் போய் வரதனின் காலைப் பிடித்தான். வரதன் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இங்க நல்லாக்கீது நைனா, உட்டுடு" என்றான். மேடம் போனையே எடுக்கவில்லை.

தகவல் நெமிலிச்சேரியிலிருந்து வந்தது. உத்தமன் எடைக்குப் போட்ட மூட்டை, அங்கே பழைய பேப்பர் கடை வைத்திருந்த அப்துல் ரசாக்கிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் மனைவி சபீனா தையற்காரி. மூட்டையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பம்புசெட் அத்தியாயத்தைத் தாண்டாமல் படித்தாள். மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு அதிகமாக வைத்தாள். பல நாள் அந்தத் தட்டுச் சோறு காகத்துக்குப் போனது. மழை பெய்த அன்று, ஈரப் பாவாடையோடு ஒரு பிள்ளை படியேறி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தது. சபீனா அதற்குச் சோறு போட்டுப் பருப்பை ஊற்றினாள். பிறகு பதிப்பகத்துக்குப் போன் செய்து முகவரி வாங்கினாள்.

தசரதன் கோமளாவை ரயிலில் கூட்டிக்கொண்டு போனான். அவர்கள் உள்ளே நுழைந்தபோது பாப்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்; தலை நிமிரவில்லை. கோமளாவுக்கு அவள் முகம் தெரியவில்லை; ரயிலில் தசரதன் சொல்லிக்கொடுத்த பெயர்தான் தெரியும். ஆனால் உடம்பு தெரிந்துகொண்டது. தட்டுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தாள்.

"ஊட்டுக்கு வா பாப்பு" என்றாள்.

"நான் இல்லன்னு நீதானே சொன்ன."

"அண்ணன் உட்டாத்தானே... தெரியாம சொல்லிட்டேன்."

"என்னுத நீ படிக்கவே இல்ல" என்றாள் பாப்பு.

அது உண்மைதான். அந்த அத்தியாயத்தைப் பாப்புதான் எழுதினாள். பிழைதிருத்தம் பார்க்கையில் கோமளாவும் அந்தப் பக்கங்களைப் படிக்காமல் புரட்டிவிட்டிருந்தாள். அவளும் தாண்டிப்போனவர்களில் ஒருத்தி.

"பசியில கீதுக்கா. முதல்ல சாப்பிடட்டும்" என்ற சபீனா, அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கோமளாவின் மடியில் வைத்தாள்.

கோமளா அங்கேயே உட்கார்ந்து படித்தாள். நடுவில் இரண்டு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். படிக்கப் படிக்க ஞாபகம் வந்தது. முதலில் அறையின் டீசல் நாற்றம், பிறகு அம்மாவின் முகம், பிறகு தன் பெயர். முடித்தபோது பாப்பு தூங்கிப் போயிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றாள் சபீனா. தூக்கிக்கொண்டு போனாலும் உள்ளே திரும்பப் போகமாட்டாள் என்பது கோமளாவுக்கே தெரிந்தது.

அதன் பிறகு அவள் மறுபடி போனைப் பார்த்து, எல்லாம் உண்மை, தாழ்ப்பாள் போட்டது என் அண்ணன் என்று மெதுவான குரலில் சொன்னாள். தசரதன் அதைச் சுற்றவிட்டான்; கேட்டவர்களில் பாதிப்பேர் நம்பினார்கள். காவ்யா பதிப்பகத்திலிருந்து புத்தகத்தை வாங்கி அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அப்பாவோடு பேசுவதை நிறுத்தி, விடுதிக்குப் போய்விட்டாள். மண்டபம் சித்தப்பா பெயரிலேயே திறக்கப்பட்டது. முகூர்த்த நாட்களில் இடம் கிடைப்பதில்லை. உத்தமன் அங்கே கணக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். கோமளா பால் பொங்கும்போது அணைக்கக் கற்றுக்கொண்டாள். சில நாள் அணைக்கிறாள், சில நாள் தசரதன் பாத்திரத்தைத் தேய்க்கிறான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் நெமிலிச்சேரிக்குப் போகிறார்கள். பாப்பு சில வாரம் பேசுவாள், சில வாரம் பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய்விடுவாள். தெருவில் அவளை ரசாக் பாய் வீட்டுப் பிள்ளை என்கிறார்கள். முன்பற்கள் விழுந்து முளைத்துவிட்டன. இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் சபீனா அவளை நிற்க வைத்துச் சீருடைக்கு அளவெடுத்தாள்.

"கீழ நல்லா மடிச்சு உடு சபீனா, வளர்ற புள்ள" என்றாள் கோமளா.

"உட்டுக்கீறேன்க்கா" என்று சொல்லிவிட்டு சபீனா மிஷினை மிதித்தாள்.