மைக் செட்டுக்காரரின் கட்டைவிரல்

மைக் செட் பாய் தொழிலுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. கல்யாணம், கட்சிக் கூட்டம், பள்ளிக்கூட விழா என்று யார் பேசினாலும் அவருடைய பெட்டி வழியாகத்தான் பேசியாக வேண்டும். அவர் மட்டும் "ஹலோ, ஒன், டூ, த்ரீ"க்கு மேல் மைக்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றைக்கு நூலக அரங்கில் பேராசிரியர் பேசினார். ஓய்வு பெற்ற மனுஷர். எந்த மதத்தையும் விட்டுவைக்காமல், வஞ்சனையில்லாமல் போட்டுத் தாக்குவார். ஆள் ஆறடி, குரல் மட்டும் கொசு. மைக் இல்லாவிட்டால் முதல் வரிசைக்கே கேட்காது.

மற்ற மதங்களையெல்லாம் அரை மணி நேரம் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "இனி நம் முஸ்லிம் நண்பர்களிடம் வருகிறேன். எதிர்த்து ஒரு சொல் சொன்னால் வாயை அடைப்பவர்கள்..."

மைக் செத்துவிட்டது.

உதடு அசைகிறது, சத்தம் இல்லை. இருநூறு தலைகளும் ஒருசேரத் திரும்பி, மேடை ஓரத்தில் தொப்பியும் தாடியுமாக உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தன.

"பார்த்தீங்களா, கையோட நிரூபிச்சுட்டார்!" என்றது பின்வரிசை. அரங்கமே சிரித்தது.

பாய் பாய்ந்து பெட்டியைப் பார்த்தார். மைக் ஒயரைச் சொருகும் இடத்தில் விரிசல். ஒயர் முனையிலிருந்த பின்னை மேல்பக்கமாகக் கட்டைவிரலால் அழுத்தினால் சத்தம் வந்தது, விட்டால் போயிற்று. டேப் சுற்றினார், நிற்கவில்லை. தீக்குச்சியைச் செருகினார், ஒடிந்தது. கடைசியில் கட்டைவிரலே கதி என்று, வலது கையில் பின்னும் இடது கையில் பெட்டியுமாகக் குனிந்து நின்றுவிட்டார்.

"காரணமில்லாமலா நின்றது?" என்று பேராசிரியர் கேட்க, கைதட்டல் பறந்தது. அந்தக் கைதட்டலும் பாயின் விரல் வழியாகத்தான் அவருக்குக் கிடைத்தது என்பது யாருக்குத் தெரியும்?

பேராசிரியர் தொழுகையைக் கிண்டலடித்தார், நோன்பைக் கிண்டலடித்தார். அவர் சொன்னதில் பாதி தப்பு. தப்பென்று தெரிந்ததையெல்லாம் தானே ஊருக்குக் கேட்கும்படி பெரிதாக்கி அனுப்புகிறோமே என்று நினைத்தபோது பாய்க்கு அழுகையே வந்தது. நடுவில் ஒரு தும்மல் வேறு. விரல் நழுவி அரை நொடி சத்தம் போக, "மறுபடியும்!" என்று கூட்டம் கத்தியது. தும்மக்கூட உரிமையில்லாத மனுஷனாகிவிட்டார் அவர்.

எதிரே செருப்புக் கடை வைத்திருந்த அவர் மச்சான், வெளியே கேட்ட பேச்சில் கொதித்துப்போய் உள்ளே ஓடிவந்தார்.

"மச்சான், என்ன பண்றீங்க?"

"பிடிச்சுட்டு இருக்கேன்."

"கையை எடுங்க! அந்தாள் வாய் தானா அடைச்சுக்கும்."

"எடுத்தா அவர் சொன்னது உண்மையாயிடும்டா."

"நம்மளைத் திட்டுறதுக்கு நீங்களே முட்டுக் கொடுக்கிறீங்களா?"

"ஆமா. மூக்கு அரிக்குது, கொஞ்சம் சொறிஞ்சு விடு."

மச்சான் மூக்கைச் சொறிந்துவிட்டு, கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஒருவழியாகப் பேச்சு முடிந்தது. "யாராவது பதில் சொல்ல விரும்பினால் சொல்லலாம். நான் யார் வாயையும் அடைப்பவன் அல்ல" என்றார் பேராசிரியர்.

"நான் பேசணும்" என்றார் பாய். அவர் குரலா அது என்று அவருக்கே சந்தேகம்.

"தாராளமா வாங்க."

"வரலாம் ஐயா. நான் வந்தா மைக் வராது."

பாய் விரலை எடுத்தார். பேராசிரியர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. விரலை வைத்தார். "...என்ன இது?" என்றது ஸ்பீக்கர்.

பேராசிரியர் இறங்கி வந்து விரிசலைப் பார்த்தார். பிறகு, ரத்தம் கட்டிக் கறுத்திருந்த கட்டைவிரலைப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

"இவ்வளவு நேரமும் பிடிச்சுட்டா நின்னீங்க? விட்டிருக்கலாமே!"

"உங்களுக்குப் பதில் சொல்லணும்னா, முதல்ல நீங்க பேசி முடிக்கணுமே."

பேராசிரியர் குனிந்து, தம் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

பாய் மைக் முன்னால் நின்றார். முப்பது வருஷப் பழக்கம், "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றுதான் வாயில் வந்தது. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் பிடித்துக்கொண்டார் பாருங்கள்! ஐயா சொன்னதில் இது தப்பு, அது பாதி தப்பு, இது சரி ஆனால் சொன்ன விதம் தப்பு என்று மடை திறந்தாற்போல் கொட்டினார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. அதில் அவர் சொன்ன ஒரு சரித்திர வருஷம் சுத்தத் தப்பு.

பேராசிரியர் துடித்துப்போனார். மறுக்க வாயைத் திறந்தார். கொசுக்குரல் யாருக்குக் கேட்கும்? விரலை எடுத்தால் பாயின் பேச்சு நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்தார். இருநூறு பேரும் அவருடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.