ஒன்பதாம் விதிப்படி வெளியே நிற்பவள்

என் கால்குலஸ் வகுப்புக்கு வெளியே ஒரு பெண் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். அவளை வெளியே அனுப்பியவன் நான்தான். விதிப்படிதான் அனுப்பினேன். விதிகளை எழுதியவனும் நான்தான்.

வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எழுதினேன். ஒரே தாளில் பதின்மூன்று விதிகள். ப்ளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். எழுபத்தைந்து சதவீத வருகை வேண்டும். கால்குலேட்டர் கூடாது. டெஸ்ட்டுக்கு வராதவருக்கு மறு டெஸ்ட் கிடையாது. வீட்டில் சாவு என்றால் மூன்று நாள் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இப்படிப் போகும். ஒன்பதாவது விதி இது: வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்டவர், வெளியேற்றிய ஆசிரியரே பெயர் சொல்லி அழைக்கும்வரை உள்ளே வரக் கூடாது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கெத்தாக இருக்கட்டும் என்று எழுதியதுதான். வேறொன்றும் இல்லை.

அந்த விதியை ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தினேன். கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெச் என்று ஒரு சின்ன எண்ணை வைத்துக்கொள்வோம். அதால் வகுப்போம். பிறகு ஹெச் பூஜ்யம் என்று அடித்துவிடுவோம். வேண்டிய விடை வந்துவிடும். எனக்கு என் வாத்தியார் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நானும் அப்படியே மனப்பாடம் செய்து, அப்படியே எழுதி, முதல் வகுப்பில் பாஸானேன்.

கடைசி பெஞ்சில் முப்பத்தொன்றாம் எண் எழுந்தது.

"சார், மூணாவது வரியில ஹெச்சால வகுத்தீங்க. அப்ப அது பூஜ்யம் இல்லதானே? பூஜ்யத்தால வகுக்கக் கூடாதே. நாலாவது வரியில பூஜ்யம்னு அடிச்சிட்டீங்க. நடுவுல எப்ப சார் அது பூஜ்யமாச்சு?"

நான் மூன்றாவது வரியைப் பார்த்தேன். நாலாவது வரியைப் பார்த்தேன். நடுவில் ஒன்றும் இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதெல்லாம் சிலபஸ்ல கிடையாது. திமிரா? வெளிய போ!"

போனாள். நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் கூப்பிட்டிருக்கலாம். மறுநாள் கூப்பிட்டால் அந்தக் கேள்வியும் கூடவே வரும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் வராந்தா பதினோரு அடி நீண்டுவிட்டது. அவள் நின்ற தூண் தள்ளிப்போயிற்று. பொதுப்பணித்துறையிலிருந்து வந்து டேப் வைத்து அளந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அது நீண்டுகொண்டேதான் இருக்கிறது. எனக்கு அது வசதியாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வசதியாகத்தான் இருந்தது.

அவள் கல்யாணமும் அந்த வராந்தாவிலேயே நடந்தது. அவள் அப்பாவும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு வந்து என்னை அழைத்தார்கள். "பொண்ணு வெளிய நிக்குது சார், மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. நீங்க அவசியம் வரணும்" என்றார் அப்பா. ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. நான் தலைவலி என்று லீவு போட்டேன். டிபன் கேரியரில் சாப்பாடு வீட்டுக்கு வந்தது. சாப்பிட்டேன். அவியல் நன்றாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். தூணுக்குத் தூண் தொட்டில் கட்டினார்கள். இந்த வருடம் அந்த மகள் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். எண் பதினேழு. வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பினால்தான் ஒன்பது மணி வகுப்புக்கு வர முடியும். ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்காருவாள். ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள்.

நேற்றுவரை இப்படிப் போயிற்று. இன்று மதியம் ஆபீஸ் சூப்பிரண்டு எபநேசர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சார், முப்பத்தொண்ணு உங்க கேஸ்தானே?"

"எந்த முப்பத்தொண்ணு?" என்றேன். எனக்கா தெரியாது?

"வராந்தா."

"ஓ, அதுவா!"

"இன்னைக்கு நாலு மணியோட பழைய பாடத்திட்ட ரெகுலேஷன் முடியுது. க்ளாஸுக்கு உள்ள இருக்கிறவங்க பரீட்சை எழுதலாம். வெளிய இருக்கிறவங்க காலேஜ்ல சேரவே இல்லன்னு ஆயிரும்."

"சேரலன்னா வீட்டுக்குப் போயிருவாங்க. அவ்வளவுதானே?"

"அப்படி இல்ல சார். காலேஜ்ல சேரலன்னா அதுக்கப்புறம் வராந்தாவுல நடந்ததும் நடக்கல. கல்யாணம் கிடையாது. அந்தப் பதினேழாம் நம்பர் பிள்ளையும் கிடையாது." அவர் ஒரு ரப்பர் ஸ்டாம்பை ஊதித் துடைத்தார். "உங்களுக்கு ஒரு பேப்பர் திருத்துற வேலை மிச்சம்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன செய்யணும்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. உங்க விதிதான். நாங்க ஒண்ணும் புதுசா கேக்கல."

பெயர். எனக்குப் பெயர் தெரியாது. நான் எப்போதும் எண்ணைத்தான் கூப்பிடுவேன். அறுபது எண்ணைக் கூப்பிட இரண்டு நிமிடம். அறுபது பெயரைக் கூப்பிட ஐந்து நிமிடம்.

"பழைய வருகைப் பதிவேடு இருக்குமே" என்றேன்.

"முதல்வர்கிட்ட இருக்கு."

முதல்வர் போன வருடம் பீரோவாகிவிட்டார். அதிலிருந்து நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எபநேசர் சாவி போட்டு முதல்வரைத் திறந்தார். கதவு கிறீச்சிட்டது. "ஒண்ணுமில்ல சார், கால்குலஸ் விஷயம்" என்று எபநேசர் அவரிடம் சொல்லிவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து பதிவேட்டை எடுத்தார். தூசி தட்டிப் பிரித்தார். வரிசை எண் என்ற கட்டத்தில் முப்பத்தொன்று. பெயர் என்ற கட்டத்திலும் முப்பத்தொன்று. என் கையெழுத்துதான். அழகாக எழுதியிருந்தேன்.

"பேர் எழுதுற இடத்துலயும் நம்பரையே எழுதியிருக்கீங்களே சார்!"

"நேரம் மிச்சமாகும்னு..."

எபநேசர் ஒன்றும் சொல்லவில்லை. முதல்வரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டில் எது அதிக அவமானம் என்று எனக்குத் தெரியவில்லை.

வகுப்புக்குப் போனேன். ஒன்றரை மணி. அறுபது பேரும் எழுந்து நின்று உட்கார்ந்தார்கள்.

"பதினேழு, எந்திரி."

"சார்."

"உங்க அம்மா பேரு என்ன?"

"எதுக்கு சார்?"

"உள்ள கூப்பிடணும்."

அந்தப் பெண் நோட்டை மூடினாள். "முப்பத்தொண்ணுன்னே கூப்பிடுங்க சார். வருவாங்க. பழகிட்டாங்க."

"பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும்னு விதி இருக்கும்மா."

"விதி நீங்க எழுதுனதுதானே சார்?"

ஐம்பத்தொன்பது பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மேசை இழுப்பறை திறந்திருந்தது. அதற்குள் வைக்கலாம் போல இருந்தது.

"செண்பகவடிவு" என்றாள் அவள்.

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். வாசலுக்குப் போய் நின்று கூப்பிட்டேன். மெதுவாகத்தான் கூப்பிட்டேன். கேட்காமல் போனால் தேவலை, கூப்பிட்டேன் என்று கணக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பினால் பதினேழாம் எண் என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அங்க கேக்காது சார். நடந்துதான் போகணும்."

அவள் இடது கையில் சுண்டுவிரல் ஏற்கெனவே இல்லை. அவளும் அதைப் பார்த்தாள். "ரெகுலேஷன் முடியப்போகுதுல்ல சார், அதான்" என்று கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் ஓடினேன். ஐம்பது வயதில் ஓட முடிந்தவரை ஓடினேன். கல்யாணத்துக்கு நட்ட பந்தக்கால் ஓரிடத்தில் இன்னும் நின்றது. தொட்டில் கட்டிய தூணில் கயிற்றின் தடம் இருந்தது. எங்கள் கல்லூரியில் இல்லாத துறைகளின் பலகைகளெல்லாம் வந்தன. ஒரு பலகையில் என் பெயர் இருந்தது. கதவு பூட்டியிருந்தது. நான் நிற்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அவளைக் கண்டேன். தூணுக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. கையில் அதே நோட்டு. அவள் சாய்ந்து சாய்ந்து தூணின் ஒரு பக்கம் வழவழவென்று ஆகியிருந்தது.

எனக்கு மூச்சு வாங்கியது. உள்ளங்கையைப் பார்த்தேன். வியர்வையில் எழுத்து கலைந்திருந்தது. நல்லவேளை, மறக்கவில்லை.

"செண்பகவடிவு."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"யாரைக் கூப்பிடுறீங்க சார்?"

"உன்னைத்தாம்மா."

"உள்ள வரலாமா சார்?"

"வாம்மா."

அவள் உடனே வரவில்லை. நோட்டுக்குள்ளிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"மன்னிப்புக் கடிதம் சார். பத்தாவது விதி. செமஸ்டருக்கு ஒண்ணு எழுதி வச்சேன்."

நாற்பத்துநான்கு கடிதங்கள். எல்லாவற்றிலும் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, 'கேள்வி கேட்டதற்காக' என்று இருந்தது. நான் எழுதியிருக்க வேண்டிய கடிதங்கள் அவை. வாங்கிக்கொண்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும்போது வராந்தா ஒன்பது அடிதான் இருந்தது. நாலு எட்டில் வாசலுக்கு வந்துவிட்டோம். அங்கே எபநேசர் படிவத்தோடு நின்றார்.

"போகும்போது நீளமா இருந்துச்சே" என்றேன்.

"நீங்க போனதில்லையே சார் இதுக்கு முன்னாடி. அதான் நீண்டுச்சு." அவர் பேனாவைத் திறந்தார். "வெளியேத்துன காரணம் சொல்லுங்க. நாலு நிமிஷம் இருக்கு. லேட்டா வந்தா ஒண்ணு. செல்போன்னா ரெண்டு. ஒழுங்கீனம்னா மூணு. மூணு போட்டுரவா?"

மூன்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வகுப்புக்குள் பதினேழாம் எண்ணின் இடது கை முழங்கைவரை தெரியவில்லை.

"அவ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல" என்றேன்.

"அதுக்கு நம்பர் கிடையாதே சார்!"

"எழுத்துல எழுதுங்க."

"எழுத்துல எழுதுனா சத்தமாப் படிக்கணும். க்ளாஸுக்குக் கேக்கணும்."

"படிங்க."

அவர் படித்தார். நல்ல குரல் அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிக்கிறவர். 'மாணவி கேட்ட கேள்விக்கு ஆசிரியருக்குப் பதில் தெரியாத காரணத்தால்' என்று நிறுத்தி நிதானமாகப் படித்து, ஸ்டாம்பைக் குத்தினார். செண்பகவடிவு செருப்பைச் சரிசெய்துகொண்டு வாசற்படியைத் தாண்டினாள். நாலு மணி அடித்தது.

கடைசி பெஞ்சில் மகள் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு கையாலும் அம்மாவின் நோட்டை வாங்கி மேசையில் வைத்தாள். சுண்டுவிரல் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

கரும்பலகையில் மூன்றாவது வரியும் நாலாவது வரியும் இருந்தன. யார் எழுதியதோ, என் கையெழுத்துதான். செண்பகவடிவு கையைத் தூக்கினாள்.

"கேளும்மா."

"நடுவுல எப்ப சார் அது பூஜ்யமாச்சு?"

இருபத்திரண்டு வருடத்தில் நான் அதை ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

வகுப்பு மொத்தமும் குனிந்து அதை நோட்டில் எழுதிக்கொண்டது. நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஐந்தாவது விதி. சிலர் ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டார்கள். முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "இது எத்தனை மார்க் கேள்வி சார்?" என்று கேட்டான்.

செண்பகவடிவு மட்டும் எழுதவில்லை.

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றாள்.

"பிறகு எதுக்கும்மா இத்தனை வருஷம் நின்னே?"

"நீங்க கூப்பிடலையே சார்."

எல்லோரும் அதையும் எழுதிக்கொண்டார்கள்.