அண்ணன் பக்கமா, அக்கா பக்கமா

அப்பா போன இருபதாம் நாள், மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். நான்கு வருடம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்த வீடு அது. இருபத்தெட்டு வயதில், தனிக்கட்டையாக, இனி நான் எங்கே போவது என்பதுதான் கேள்வி.

பதில் இரண்டே இரண்டு. நகரத்தின் வடக்கு ஓரத்தில், ரயில் கடைசியாக நிற்கும் இடத்தில் அண்ணன் குடும்பம். தெற்கு ஓரத்தில், சுற்றுச்சாலையைத் தாண்டி அக்கா குடும்பம். நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடம் சரியாக நடுவில். எந்தப் பக்கம் போனாலும் முக்கால் மணி நேரப் பயணம், ஏறக்குறைய ஒரே வாடகை. ஆகவே சொந்தம்தான் முடிவு செய்ய வேண்டும். இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்பார்கள், யார் மனதையும் நோகடிக்காமல் எப்படித் தப்பிப்பது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு நினைப்பு பாருங்கள்.

முதலில் அண்ணனிடம் பேசினேன். அவன் அக்கா பக்கத்தைப் புகழ ஆரம்பித்தான். கூப்பிடு தூரத்தில் கடைகள், தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு, நிமிடத்துக்கொரு பேருந்து. தன் பக்கம் ஆறு மணிக்கு மேல் ஆள் நடமாட்டமே கிடையாதாம். அவன் பிள்ளைகள் எட்டு மணி வரை பந்தடிக்கும் தெரு அது. அக்காவுக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் அக்கா, அண்ணன் பக்கத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். நல்ல காற்று, பெரிய பூங்கா, என் வயதுப் பெண்கள் நிறைய. தன் பக்கம் கொசு பிடுங்கித் தின்கிறது என்றாள். பத்து வருடமாக அந்த இடத்தைப் பற்றி எங்கள் காது புளிக்கப் பீற்றிக்கொண்டவள்.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவு நம்பும்படி இல்லையென்றால் அதே ரத்தத்தை இயந்திரத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்போம். திரும்பவும் அதே எண் வந்தால், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். தொழில் புத்தி என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தெருவிலேயே ஓர் அறையைப் பார்த்துவிட்டு, நேராக அவன் வீட்டுக்குப் போனேன். கிழக்கே பார்த்த ஜன்னல், தனிக் குளியலறை, உன் வீட்டிலிருந்து ஆறாவது வாசல் என்று சொன்னேன்.

அண்ணி எழுந்து உள்ளே போனாள். அண்ணன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, அக்கா பக்கம் இன்னும் ஒரு தடவை பார்க்கலாமே என்றான். தொலைக்காட்சி ஓடவில்லை.

"நான் வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடு அண்ணா. எதுக்கு பஸ் கதையெல்லாம் சொல்ற?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உன்ன பாக்குறப்பல்லாம் அப்பாவ நான் வந்து பாக்காததுதான் ஞாபகம் வருதும்மா. நாலு வருஷத்துல எத்தன தடவ வந்தேன்னு எனக்குத் தெரியாதா? தெனமும் நீ எதிர்ல வந்தா என்னால தாங்க முடியாது."

"நான் ஒரு நாளாவது ஏன் வரலன்னு கேட்டேனா?"

"கேக்கலையே. அதான்."

கோபப்படத்தான் நினைத்தேன். வரவில்லை. செய்ததை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாரும் என் பக்கத்தில் இருப்பார்கள் என்று நம்பிய மடச்சி நான். அவனைத் திட்டியிருந்தால், ஒரு சண்டையோடு தீர்ந்து, இன்றைக்குப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டிருப்பானோ என்னவோ.

அக்காவிடம் மறுபடி ஓட்டிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அவள் வாயிலிருந்து 'வேண்டாம்' என்ற சொல்லை இன்னும் கேட்கவில்லை. அந்த ஒரே காரணத்துக்காக அவள் பக்கத்திலேயே வீடு பிடித்தேன். அவள் வீட்டுக்கும் இதற்கும் நான்கு தெரு.

சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளே போன் செய்து, எங்கே முடிவாயிற்று என்று கேட்டாள்.

"நீ சொன்ன மாதிரி அண்ணன் பக்கம்தான்கா."

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "நல்லதாப் போச்சு. ஒரு நாள் கண்டிப்பா வரேன்," என்றாள். கதவு எண்ணைக் கேட்கவில்லை.

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்கு அவள் மூலைக் கடையில் பால் வாங்க வருவாள். நான் ஆறு மணிக்கே எழுந்து, சுற்றுச்சாலைக்கு அந்தப்புறக் கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன். எதிரில் பார்த்துவிட்டால் பாவம், என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்துப்போவாள்.