பிறந்த வீட்டுக் கோடி

பேருந்துச் சன்னலிலிருந்து ஒரு மஞ்சள் பை இறங்கிக்கொண்டிருக்கிறது, கண்டக்டரின் கை மட்டும் தெரிகிறது, பையின் வாயிலிருந்து மஞ்சள்கொத்தின் இலை எட்டிப் பார்க்கிறது, அம்மா இரண்டு கைகளையும் உயர்த்தி வாங்குகிறாள், முதுகுளத்தூர் மாமா கொடுத்துவிட்ட பொங்கல் சீர், எனக்கு ஆறு வயது, அல்லது பத்து, எல்லாத் தை மாதமும் ஒரே தை மாதமாகிவிட்டது, மாமாவை நான் பார்த்ததே இல்லை, அப்பாவோடு ஓடிவந்த தங்கையின் வாசலை மிதிக்கமாட்டாராம், சீரை மட்டும் நிறுத்தமாட்டாராம், அப்படி ஒரு ரோஷக்காரர், நாதியத்தவளக் கூட்டியாந்திருக்கான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த அப்பாவின் அக்கா, முத்துராக்கு அத்தை, முதல் பை வந்த அன்றுதான் வாயை மூடினாளாம், இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா சிரிப்பாள், பையின் முடிச்சை அவளேதான் அவிழ்ப்பாள், வேறு யாரையும் தொடவிடமாட்டாள்.

அதே மாதிரி ஒரு பை இப்போது என் மடியில் இருக்கிறது, வெளியே பந்தலில் அம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள், அத்தையின் குரல் சுவரைத் தாண்டி வருகிறது, மணி மூணாகப் போகுது, பொறந்த வீட்டுக் கோடிச் சேலை போடாம சுமங்கலிய எப்புடித் தூக்குறது, அந்த அண்ணங்காரனுக்குத் தாக்கல் சொன்னீகளா இல்லையா, யாருக்குச் சொல்வது, மாமாவின் விலாசம் தேடித்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன், ஒரு கடிதம் இல்லை, ஒரு புகைப்படம் இல்லை, அடியில் பழுத்துப்போன ஓர் அட்டை, குழந்தைகள் காப்பகத்தின் முத்திரை, பெயர் மரகதம், வயது சுமார் இரண்டு, பெற்றோர், உடன்பிறந்தோர் விவரம் இல்லை, அதன்மேல் இந்தப் பை, முடிச்சின் இடுக்கில் அரக்குச் சேலை தெரிகிறது, பையில் ஊசி குத்திய துண்டுத்தாளில் அம்மாவின் கோணல் எழுத்து, அண்ணன் வீட்டுக் கோடி.

மாமா என்று ஒருவர் இல்லை. போகிக்கு முந்தின நாள் அம்மா பல்வலி என்று கூடையோடு பரமக்குடிக்குப் போவாள், வெறுங்கையோடு திரும்புவாள், மறுநாள் பை வரும், அதில் நம் பெட்டியின் பாச்சா உருண்டை வாசனை அடிக்கும், நான் முகர்ந்திருக்கிறேன், கேட்டதில்லை, எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, என்னிடமாவது சொல்லியிருக்கலாமே, என் கல்யாணத்துக்கு வந்த மாமன் பட்டுச்சேலையை முதுகுளத்தூர்த் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கட்டினேனே அம்மா, உன்னையல்லவா கும்பிட்டிருக்கவேண்டும், அத்தை மறுபடி கத்துகிறாள், அப்ப நாதியத்தவதானா, நான் அப்பவே சொன்னேன்ல, பந்தல் முழுக்கக் கேட்கிறது, அம்மா கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

துண்டுத்தாளைக் கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு கொல்லைக்கதவு வழியாக ஓடினேன், நிறுத்தத்தில் முதுகுளத்தூரிலிருந்து வரும் மதுரை பஸ் வந்து நின்றது, யாரோ இறங்கினார்கள், அது புறப்பட்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவழியே வந்தேன், அத்தையைக்கூடச் சமாளித்துவிடலாம், அப்பா ஒரு வார்த்தை கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்தார், இந்தவாட்டியும் பஸ்ஸுலதான் குடுத்துவுட்டாராம்மா மச்சான், என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார், ஆமாப்பா, அவுகளுக்குக் காலு ஒடிஞ்சு கெடக்காம், என்றேன், அத்தை பையைப் பிடுங்கி முடிச்சோடு மல்லுக்கட்டினாள், அவிழவில்லை, இங்கிட்டுக் குடுக்கா, என்று வாங்கிய அப்பா அதைப் பார்க்கக்கூட இல்லை, அடியில் மடங்கிக் கிடந்த நுனியை விரலால் தேடி எடுத்து ஒரே இழுப்பு இழுத்தார், அம்மா இழுப்பதுபோலவே, முடிச்சு விட்டுக்கொடுத்தது.

இத்தனை வருடமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தை சேலையை விரித்து அம்மாமேல் போட்டாள், ஒன் அண்ணன் அனுப்பிட்டான்டி மரகதம், என்று மாரில் அடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதாள், அம்மாவைத் தூக்கினார்கள், அப்பா காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.