அத்தானின் மலை

தேய்ந்து மண்ணோடு மண்ணாகிப் போன ஒரு மலைக்குத் தன் புருஷன் பெயரை வைக்கப் போகிறார்கள் என்று அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லட்டுமே, யார் வேண்டாம் என்பது? கொழுந்தியாளின் ஆராய்ச்சிக்காகச் செங்குத்துப் பாறையில் மணற்கல் உடைக்கப் போய், பாறை சரிந்து, பிணமாக வீடு வந்த மனுஷன் அவர்.

தங்கையின் பிழைப்பே அந்தக் கல்லில்தான். மணற்கல்லைப் பொடித்தால் சிர்கான் என்ற பொடிசு மணிகள் கிடைக்கும். அதற்குள் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று அளந்தால் மணியின் வயது தெரியும். வயது தெரிந்தால் எந்த மலை தேய்ந்து அந்த மணல் வந்தது என்று சொல்லிவிடலாம். அத்தான் உடைத்த கல்லில் ஒன்பது மணிகள் மற்றவற்றைவிட இளசாக, தெரிந்த எந்த மலையோடும் ஒட்டாமல் நின்றன. அப்படியென்றால் யாருக்கும் தெரியாத மலை ஒன்று எழும்பித் தேய்ந்திருக்கிறது! கட்டுரையும் எழுதி அனுப்பியாகிவிட்டது.

அப்புறம்தான் வேறொரு எரிமலைச் சாம்பல் கல்லின் முடிவு வந்து தொலைத்தது. அதே வயது. அந்தச் சாம்பல் கல்லைச் சலித்த சல்லடையில்தான் அடுத்து அத்தானின் கல்லைச் சலித்திருந்தாள், அடக்கம் முடிந்த மறுநாளே. வீட்டில் இரு என்றவர்கள் பேச்சைக் கேட்டாளா? நடுவில் சல்லடையைக் கழுவினோமா என்று மண்டையை உடைத்துக்கொண்டும் நினைவுக்கு வரவில்லை. கம்பி இடுக்கில் அந்த ஒன்பது மணி சிக்கியிருந்தால் போதும், கதை கந்தல்.

வயது அளக்கும் கருவியை ஓட்டுகிறவருக்கு ஆய்வகத்தில் ‘ஈயம்’ என்று பட்டப்பெயர். "விட்டுத் தள்ளும்மா, எவன் அந்தப் பாறைல ஏறிப் பாக்கப் போறான்?" என்றார்.

"நான் பாத்துட்டேனே, சார்."

பையில் வந்த கல் முழுவதும் பொடித்தாயிற்று. பாறையும் சரிந்துவிட்டது. மிச்சம் அத்தானின் சட்டைப் பையில் கிடந்த ஒரே ஒரு துண்டு. அக்கா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

"இன்னொரு தடவ பாக்கணும்க்கா."

"எடுத்துட்டுப் போடி. உங்க அத்தான் கல்லு, ஒரு மலைக்கு ரெண்டு மலையாக் குடுக்கும்!" அக்கா சிரித்தாள், சாவுக்குப் பிறகு முதல் தடவையாக. அப்போதே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். பாவி, வாய் வரவில்லை.

புதுச் சல்லடையில் சலித்தாள். ஈயம் கருவியை ஓட்டினார். எல்லாம் கிழட்டு மணிகள், சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லை உடைத்தாலும் கிடைக்கிற வயதுகள். இளசு ஒன்றுகூட இல்லை.

கதவைத் திறந்ததும் அக்கா கேட்டாள். "என்னடி சொல்லுச்சு கல்லு?"

"மலை இல்லக்கா. நான்தான் சல்லடையக் கழுவாம விட்டிருக்கேன். அது வேற கல்லோட மணி. கட்டுரையத் திரும்ப வாங்கிட்டேன்."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை. அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"அப்ப அவரு சும்மாதான் செத்தாரு."

தங்கை குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

"சரி, மலை வேணாம்," என்று அக்கா கையை நீட்டினாள். "என் கல்லைக் குடு."

தங்கை கைப்பையைத் திறந்தாள். சின்ன பிளாஸ்டிக் உறையில் கொஞ்சம் பொடி இருந்தது.