மாமியார் என்றால் நேர் அடி

அந்தப் பல்கலைக்கழகப் பெண்கள் ஹாக்கி அணியின் சாதனைகளை எழுது என்றால் யாருக்கும் பேனா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். முப்பது வருஷத்தில் பதினோரு இறுதி ஆட்டம், பதினோரு தோல்வி. உடற்கல்வித் துறை அறையின் கண்ணாடி அலமாரியில் இரண்டாம் பரிசுக் கோப்பைகள் மட்டும் பதினொன்று. ஒன்பதாவது வந்தபோதே இடம் போதாமல் ஒன்றின் தலையில் ஒன்றை ஏற்றிவைத்தாயிற்று. முப்பதாம் ஆண்டு மலரில் இந்த லட்சணத்தை எழுதும் பொறுப்பு தள்ளுவண்டியின் தலையில் விழுந்தது.

தள்ளுவண்டி என்பது பட்டப்பெயர். மண்ணியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள், கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆனவள். பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கோட்டிலிருந்து பந்தை அரைவட்டத்துக்கு வெளியே காத்திருக்கும் தோழிகளிடம் தள்ளிவிடுவது அவள் வேலை. அவள் தள்ளுவாள், ஒருத்தி நிறுத்துவாள், கேப்டன் அடிப்பாள். கோல் விழுந்தால் கேப்டனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். விழாவிட்டால், "தள்ளினதே சரியில்லப்பா" என்பார்கள். ஆறு வருஷமாக இதுதான் கதை.

ஆய்வேட்டை வியாழக்கிழமை கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் மாணவி இல்லை, அணியிலும் இல்லை. நடுவில் ஒரு சனிக்கிழமை, அன்றைக்குத்தான் பன்னிரண்டாவது இறுதி ஆட்டம். இதிலும் தோற்றால் "பன்னிரண்டாவது முறையாக இரண்டாமிடம்" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மலருக்காகப் பழைய கதைகளைத் தோண்டியபோதுதான் சங்கேதப் பெயர்களின் பூர்வீகம் அவளுக்குத் தெரிந்தது. கார்னரில் எந்த வகை அடி என்பதைத் தள்ளுகிறவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். தடுக்க ஓடிவரப் போகிறவர்கள் கோட்டில் எப்படி நிற்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் பக்கத்தில் தெரியும். முப்பது வருஷத்துக்கு முன் அணியைத் தொடங்கிய முதல் கேப்டன், இப்போது ஊரறிந்த பல் டாக்டர், அப்போது புதுக் கல்யாணப் பெண். புகுந்த வீட்டையே மைதானத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மாமியார் என்றால் சுற்றிவளைக்காமல் நேரே ஓர் அடி. நாத்தனார் என்றால் வலப்பக்கம் போவதுபோலப் பாசாங்கு காட்டி இடப்பக்கம். கொழுந்தன் என்றால் சத்தமில்லாமல் பக்கத்தில் நழுவவிடுவது. சம்பந்தி என்றால் நாலு பேரையும் தொட்டு, எல்லோரையும் நலம் விசாரித்துவிட்டு, கடைசியில் கோலுக்கு வந்துசேருவது.

அருமையான ஏற்பாடுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் முப்பது வருஷம் ஒரே பெயரைக் கத்தினால் அது ரகசியமா, ஊர்த் தண்டோராவா? எதிராளிகளுக்கு நம் குடும்பம் நம்மைவிட நன்றாகத் தெரிந்துபோயிற்று. மாற்றுங்கள் என்று மூன்று பயிற்சியாளர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். "முதல் கேப்டன் வச்ச பேரு சார்" என்று வந்த கேப்டன் எல்லோரும் மறுத்துவிட்டார்கள். வீம்புக்கு மட்டும் ஒரு கோப்பை கொடுப்பதாக இருந்தால் அதை எப்போதோ வாங்கியிருப்பார்கள்.

இனி நிஜ மாமியாருக்கு வருவோம். தள்ளுவண்டியின் மாமியார் பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, பேச்சும் அந்த நோட்டுப் புத்தகம்போல ஆகிவிட்டது. ஒரு வரிக்கு மேல் கிடையாது. ஒவ்வோர் இறுதி ஆட்டமும் முடிந்து மருமகள் வீடு வந்ததும், "இந்தத் தடவையும் ரெண்டாவதாம்மா?" என்று கேட்பார். அதில் குத்தல் கிடையாது. வண்டி ஏன் லேட் என்று கேட்கிற அதே குரல்தான். மைதானத்துப் பக்கம் அவர் வந்ததில்லை. வாங்க என்று மருமகளும் கூப்பிட்டதில்லை, காரணம் சொல்லத் தேவையில்லையே.

அந்தச் சனிக்கிழமை காலை தள்ளுவண்டி ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தபோது மாமியார் கைப்பையோடு வாசலில் வந்து நின்றார்.

"எங்க அத்தே கிளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான். கடைசி ஆட்டம்னு இவன் சொன்னான். ஒரு தடவ பாத்துடுறேன்."

இவன் என்றது அவள் கணவனை. அவனுக்குச் சங்கேதம் எல்லாம் தெரியும். செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டான், தாள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"வெயில் ஜாஸ்தியா இருக்கும் அத்தே."

"குடை இருக்கு."

அவ்வளவுதான். வண்டி புறப்பட்டாயிற்று.

மைதானம் போய்ச் சேர்ந்ததும் தள்ளுவண்டி கேப்டனை உடை மாற்றும் அறையின் மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கேப்டன் சட்டம் படிப்பவள், வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

"இன்னிக்கு ஒரு நாளு மட்டும் அந்தப் பேரு வேணாம்டி. உனக்குக் கோடிப் புண்ணியம்."

"அக்கா, ஆறு வருசமா மாமியார அடி, மாமியார அடின்னு தொண்டை கிழியக் கத்துனீங்களே, அப்ப வராத வெக்கமா இப்ப?"

"அப்ப அவங்க இங்க இல்லடி! பொண்ணுங்க எல்லாம் சேந்து மாமியாருக்குக் குடு ஒண்ணுன்னு கத்துறத அவங்க கேட்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்?"

கேப்டன் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு இரக்கப்பட்டாள். மாமியாருக்கு மாம்பழம், நாத்தனாருக்கு நாவல், கொழுந்தனுக்குக் கொய்யா, சம்பந்திக்குச் சப்போட்டா என்று முதலெழுத்தைப் பிடித்து அங்கேயே பெயர் சூட்டு விழா நடந்தது. எல்லோரும் இரண்டு தடவை ஒப்பித்துப் பார்த்தார்கள். சரியாகத்தான் இருந்தது.

ஆட்டத்தில்தான் கோளாறு தெரிந்தது. எதிரணி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழகம். இவர்கள் இழந்த பதினொன்றில் ஏழைத் தட்டிச்சென்ற புண்ணியவதிகள். முதல் கார்னரில் தள்ளுவண்டி "கொய்யா!" என்றாள். பந்து வந்து நின்றது. கேப்டன் மட்டையை ஓங்கியபடி, "கொய்யான்னா யாருடி?" என்று பக்கத்தில் கேட்டாள். அதற்குள் பந்தை எதிரணி கொண்டுபோய்விட்டது. இரண்டாவது கார்னரில் "நாவல்!" என்றதும் ஒருத்தி இடப்பக்கம் ஓட, கேப்டன் வலப்பக்கம் ஓட, நடுவில் பந்து அனாதையாக நின்றது. அதை எடுத்துக்கொண்டு போய் எதிரணி ஒரு கோலும் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் முடிந்தபோது ஒன்றுக்குப் பூஜ்யம், எதிரணி முன்னால்.

"பழக்கடைய மூடுங்கக்கா," என்றாள் கேப்டன் தண்ணீரைக் குடித்துக்கொண்டே. "ஆட்டமா மரியாதையா, முடிவு பண்ணிக்குங்க."

தள்ளுவண்டி திரும்பிப் பார்த்தாள். பார்வையாளர் படிக்கட்டில் குடைக்குக் கீழே மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் கால்பகுதியில் கேப்டன் தனியாகவே நாலு பேரைக் கடந்து போய் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். அரங்கமே எழுந்து நின்றது. அடுத்து ஒரு கார்னர் கிடைத்தது. தள்ளுவண்டி பல்லைக் கடித்துக்கொண்டு, "நாத்தனார்!" என்று கத்தினாள். எதிரணியில் குதிரை என்று ஒருத்தி உண்டு, கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து வந்து தடுப்பதில் எமகாதகி. "வாங்க நாத்தனாரே, சௌக்கியமா?" என்று சொல்லிக்கொண்டே நேராக இடப்பக்கம் ஓடிப் பந்தைத் தட்டிவிட்டாள்.

ஒன்றுக்கு ஒன்று. கடைசிக் கால்பகுதியும் கரைந்துகொண்டிருந்தது. சமனில் முடிந்தால் தனித்தனியாக கோல்கீப்பரோடு மோதிக் கோல் போடும் ஷூட் அவுட். பதினொன்றில் ஐந்து ஆட்டம் அதில்தான் போயிற்று. கடைசி நிமிஷத்தில் எதிரணிக்காரி ஒருத்தியின் காலில் பந்து பட்டது, நடுவர் கோலை நோக்கிக் கையை நீட்டினார். கார்னர்! அவர் கையை இறக்குவதற்குள் ஆட்ட நேரம் முடிந்த மணியும் அடித்துவிட்டது. ஆனாலும் விதிப்படி கொடுத்த கார்னரை ஆடி முடித்தே ஆக வேண்டும். ஆக, இருப்பது ஒரே ஒரு அடி.

தள்ளுவண்டி பந்தைக் கோட்டில் வைத்தாள். குனிந்தவாறே பக்கவாட்டில் பார்த்தாள். கோல்கீப்பர் ஒரு எட்டு வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறாள். நேரே அடித்தால் கம்பத்தை ஒட்டி ஒரு முழம் இடைவெளி. வேறு யோசனையே வேண்டாம், நேர் அடிதான். ஆனால் அந்தப் பெயரைச் சொன்ன மறுகணம் குதிரை நேர்க்கோட்டில் ஓடி வந்து நிற்பாள். கழுத்தை நீட்டிக்கொண்டு அதற்காகவே காத்திருக்கிறாள்.

அப்போதுதான் வலைக்குப் பின்னால் கயிற்றை ஒட்டி ஒரு குடை தெரிந்தது. படிக்கட்டிலிருந்து சரியாகத் தெரியவில்லை என்று மாமியார் இறங்கி வந்து அங்கே நின்றுகொண்டிருந்தார். பத்தடி தூரம்கூட இருக்காது. நேருக்கு நேராக மருமகளைப் பார்த்தார்.

தள்ளுவண்டி வாயைத் திறந்தாள். 'மா' உதடு வரைக்கும் வந்துவிட்டது. ஐந்து வருஷப் பழக்கம் நாக்கைப் பிடித்துத் திருப்பியது.

"அத்தே!"

கத்தின கத்தில் அவளே திடுக்கிட்டுப் போனாள். பந்து அதற்குள் கிளம்பிவிட்டது.

பின்னே, மாமியாரை எதிரே வைத்துக்கொண்டு மாமியாரே என்று எந்த மருமகள் கூப்பிடுவாள்? பாவம், குதிரைக்குத்தான் தலை சுற்றிவிட்டது. அத்தையா? இது எந்த அத்தை? அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் மனைவியும் அத்தை, பக்கத்து வீட்டுக்காரம்மாவும் அத்தை. இந்தக் குடும்பத்தில் இதுவரை கேள்விப்படாத உறவாக இருக்கிறதே என்று கண் இமைக்கும் நேரம் நின்றாள். அந்த நேரம் போதும். கேப்டனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. உடை மாற்றும் அறையில் தள்ளுவண்டி போனில் "சரிங்க அத்தே, வந்துடுறேன் அத்தே" என்று பம்முவதைத் தினம் தினம் கேட்டவள் அவள். இவளுக்கு உலகத்தில் ஒரே ஓர் அத்தைதான். பந்து நின்றது, மட்டை இறங்கியது.

கோலுக்குள் இருக்கும் பலகையில் 'டொம்' என்று விழுந்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

ஜெயித்துவிட்டார்கள்! முப்பது வருஷம், பதினோரு தோல்வி, அத்தனையையும் ஒரே அடியில் தூக்கி எறிந்துவிட்டார்கள். இவர்களுடைய கோல்கீப்பர் முகக்கவசத்தைக் கழற்றி வானத்தில் வீசினாள். மூன்று பயிற்சியாளர்களையும் கண்ட நூலகர் ஒருவர் படிக்கட்டில் நின்று யார் யாரையோ கட்டிப்பிடித்தார். கேப்டனைத் தூக்கப் போனவர்களைக் கேப்டனே தள்ளிவிட்டு, "வண்டியத் தூக்குங்கடி! வண்டியத் தூக்குங்க!" என்று கத்தினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தள்ளுவண்டி தோள்களின் மேல் ஏறினாள். மேலே இருந்துகொண்டு குழந்தைபோல விம்மி விம்மி அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

அவளை இறக்கிவிட்டபோது மாமியார் கயிற்றைக் கடந்து உள்ளேயே வந்துவிட்டிருந்தார்.

"என்னம்மா, கூப்பிட்டியே? அடிகிடி பட்டுருச்சா?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். இனி மறைத்து என்ன பயன்? பரிசளிப்பு முடிந்து கோப்பை கைக்கு வந்ததும், அதை மாமியார் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளுவண்டி எல்லாவற்றையும் சொன்னாள். நேர் அடியின் பெயர் இன்னது, ஆறு வருஷமாகக் கத்தியது இன்னது, காலையில் பட்ட பாடு இன்னது.

மாமியார் முழுவதையும் கேட்டார்.

"அடிக்கிறதுக்கு என் பேரா?"

"உங்க பேருன்னு இல்லத்தே... பொதுவா..."

"இதுவரைக்கும் மாமியார் எத்தன கோல் போட்டிருக்கா?"

மலருக்காக எண்ணி வைத்திருந்ததால் கணக்கு நாக்கு நுனியில் இருந்தது. "மத்த எல்லாத்தையும்விட அதிகம் அத்தே. நூத்தி நாப்பத்தாறு. இதோட நாப்பத்தேழு."

"பரவாயில்லையே," என்றார் மாமியார். முகத்தில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. "யாரு வச்ச பேரு இது?"

கூட்டம் விலகியது. பன்னிரண்டு இறுதி ஆட்டத்தையும் விடாமல் பார்த்த பல் டாக்டர், அழுது சிவந்த கண்ணோடு கேப்டனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். வயது ஐம்பத்து மூன்று. ஊரே அவர் நாற்காலியில் பயந்து உட்காரும், அவர் இந்தக் குடைக்குப் பயந்தார்.

"நான்தாங்க," என்று முன்னால் வந்தார். "என் மாமியாருக்குப் பயந்து, அந்தக் கோவத்துல வச்ச பேரு. அப்புறம் கோவமெல்லாம் போயிடுச்சு. ஒரே ஒரு ஆட்டம் வந்து பாருங்கத்தேன்னு வருசா வருசம் கூப்பிட்டேன். அவங்க வரவே இல்லங்க. போன வருசம் தவறிட்டாங்க."

மாமியார் குடையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அதான் நான் வந்துட்டேன்ல. பிடிம்மா."