மெத்தைக்காரர் கொடுத்த டப்பா

விழித்துக்கொண்டே கனவு காண்பது மெத்தைக்காரருக்குக் கைவந்த கலை. நாள் முழுக்கப் பஞ்சு பறக்கிற அறையில் இருப்பவர். ஜன்னல் வெயிலில் துகள்கள் மெல்ல மிதப்பதைப் பார்த்தபடி, பிடித்த ஊசியைப் பிடித்தபடியே அரை மணி நேரம் எங்கோ போய்விடுவார். பத்து வருடச் சர்க்கரை நோயையும் அப்படித்தான் ஓட்டினார். கண்ணால் பார்க்காத வரைக்கும் அது இல்லை என்பது அவர் கட்சி.

போன முறை டாக்டரம்மா அந்தக் கட்சியைக் கலைத்துவிட்டார். சிறுநீரில் புரதம் லேசாகக் கசிகிறதாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். அண்ணன் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கிடப்பதைப் பார்த்தவர் அவர். அன்றிலிருந்து பஞ்சுத் துகள்களுக்கு நடுவிலும் குழாய்கள்தான் மிதந்தன. பயந்த மனுஷனுக்குப் புத்தி எந்த வழியில் போகும்? குறுக்கு வழியில்தான் போகும்.

பரிசோதனை நாள் காலையில், சிறுநீர் பிடிக்கக் கொடுத்த காலி டப்பாவை மனைவியிடம் நீட்டினார்.

“உனக்குத்தான் ஒரு நோயும் இல்லையே. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்.”

“அடப்பாவி மனுஷா! கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்துல நீங்க என்கிட்ட இவ்வளவு ஆசையா கேட்டது இது ஒண்ணுதான்.”

திட்டினாள், சிரித்தாள், கடைசியில் கொடுத்தும்விட்டாள்.

முடிவு தெரிய வேண்டிய மதியம் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஜம்மென்று உள்ளே போனார்.

“மூணே மாசத்துல இவ்வளவு மோசமாயிருக்கே?” டாக்டரம்மா காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார். “புரதம் எக்கச்சக்கமா போகுது. சர்க்கரை மட்டும் குத்தவாளி இல்லீங்க. அது ரத்தத்துல ரொம்ப நாள் ஏறியே இருந்தா கிட்னியோட சல்லடையில காயம் படும். சரி பண்ண உடம்பு ஆளனுப்பும். காயம் ஆறாததால வந்தவங்க திரும்பிப் போகாம அங்கயே கெடப்பாங்க. அதான் அழற்சி. வலிக்காது, காய்ச்சல் வராது. வருஷக்கணக்கா உள்ளுக்குள்ள நெருப்புக் கங்கு மாதிரி இருந்து எல்லாத்தையும் தழும்பாக்கிடும்.”

குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதிக்குள் ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். நாலைந்து நாள் கழித்துப் பிரித்தால் நடுவில் கரி. வெள்ளை வெளேரென்ற பொதிகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவது போலிருந்தது. நம்முடையது இல்லை, நம்முடையது இல்லை என்று மனசு தாலாட்டியது. தப்பித்த நிம்மதியில் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அப்புறம்தான் அது யாருடையது என்று உறைத்தது.

ஒரு வருடமாகவே அவள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறாள். ‘வீட்டுக்குள்ள ஒரு ஒட்டகம்’ என்று கேலி செய்தவர் இவர்தான். நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறாள். வயசாச்சு என்று சொன்னவரும் இவர்தான்.

“டாக்டர், அது என்னோடது இல்ல. என் பொஞ்சாதியோடது.”

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உங்களோடதையும் இன்னைக்கே குடுத்துட்டுப் போங்க. முதல்ல அவங்கள வரச் சொல்லுங்க” என்றார்.

பெஞ்சில் அவள் அரைத் தூக்கத்தில் இருந்தாள். “உன்ன உள்ள கூப்பிடுறாங்க” என்று மட்டும் சொன்னார்.

“மாட்டிக்கிட்டீங்களா? எனக்கு அப்பவே தெரியும்!” சிரித்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்து, முடியை ஒதுக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள்.

உள்ளே நுழைந்ததும் அவளே ஆரம்பித்துவிட்டாள். “அவரத் திட்டாதீங்க டாக்டர். பாவம், ரொம்பப் பயந்துட்டாரு. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையேன்னு நான்தான் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா எழுந்து வந்து, அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.